ஆளுக்கொரு கிழமை: எப்வொர்த்தில் நான்கு நாள்

20 ஆகஸ்ட் 2024, செவ்வாய்: டான்காஸ்டர் பேருந்து நிலையம், பிறகு எப்வொர்த்

ஷெஃபீல்டில் மகள் வீடு. பள்ளிக்கு ஆறு வார விடுமுறை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபின், நானும் பத்து வயதுப் பேத்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அலுத்துவிட்டோம். "ரெண்டு பேரும் எங்கயாவது நாலு நாள் போயிட்டு வாங்களேன்" என்று மகள் லண்டன், எடின்பரோ எல்லாம் சொல்லிப் பார்த்தாள். நான் எப்வொர்த் என்றேன். இங்கிலாந்திலேயே பிறந்த பேத்திக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது பொறையாற்றுக்காரி என்பதால்தான். தரங்கம்பாடி எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கும் தூரம். அங்கே ஒரு கூட்டத்தில் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் ஒரு செய்தி சொன்னார். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரிகள் சீகன்பால்குவும் புளூட்சோவும் இங்கிருந்து எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகி, இங்கிலாந்துக் கிராமத்துப் பாதிரியார் ஒருவர் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. அதைப் படித்த பாதிரியாரின் மனைவி தன் பிள்ளைகளோடு பேசும் முறையையே மாற்றிக்கொண்டார் என்று. முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பிள்ளைகளோடு பேச ஒரு முறை இருக்கிறது என்றால் விட்டுவிட முடியுமா?

டான்காஸ்டரில் நாங்கள் ஏற வேண்டிய பேருந்து வரவில்லை. பலகையில் 'வருகிறது' என்று இருந்தது, ஐந்து நிமிடம் கழித்து அந்த வரியே காணாமல் போனது. விசாரிக்கலாமென்றால் ஒரு ஆளும் இல்லை. அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். டீ இரண்டரை பவுண்டு. மனதுக்குள் நூற்றெட்டால் பெருக்குவதை இந்தப் பயணத்திலாவது நிறுத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன், முதல் டீயிலேயே தோற்றேன். பேருந்துக் கட்டணம் மட்டும் அந்த வருடம் எவ்வளவு தூரம் போனாலும் இரண்டு பவுண்டாகத்தான் இருந்தது. அது வராத பேருந்துக்கும் சேர்த்து என்று வைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் நம் கீழத்தஞ்சை போலத் தட்டை நிலம், ஆனால் மண் கறுப்பு. கோதுமை அறுத்த தாள், உருளைக்கிழங்கு, சர்க்கரை எடுக்கும் வகைப் பீட்ரூட். நிலத்தைக் கோடு போட்டு வெட்டியதுபோல் வாய்க்கால்கள். இந்தப் பகுதிக்கு ஆக்ஸ்ஹோம் தீவு என்று பெயர். கடல் எங்கே என்று பேத்தி கேட்டாள். ஒரு காலத்தில் சுற்றிலும் சதுப்பு, நடுவில் மேடு, அதனால் தீவு. 1626-லிருந்து வெர்மூய்டன் என்ற டச்சுப் பொறியாளர் தண்ணீரை வடித்து வயலாக்கினார். மீனும் நீர்ப்பறவையும் பிடித்து, பொது நிலத்தில் மாடு மேய்த்துப் பிழைத்த உள்ளூர் ஆட்கள் கரைகளை உடைத்தார்கள். வெளியூர்க்காரன் யார் வந்தாலும் சந்தேகம்தான் என்ற குணம் அதற்குப் பின்னும் வெகுகாலம் இருந்திருக்கிறது. நாளைக்குப் பார்க்கப்போகிற குடும்பம் அதில்தான் மாட்டிக்கொண்டது.

தங்கும் வீட்டம்மா கதவைத் திறந்ததும் என்னை "வாத்தே" என்றார். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தப் பக்கத்தில் 'டக்' என்றால் 'கண்ணு' என்பதுபோலவாம். நான்கு நாளும் வாத்தாகவே இருந்தேன்.

21 ஆகஸ்ட், புதன்: பாதிரியார் வீடு

காலையில் லிங்கன்ஷர் சாசேஜ். பன்றி என்பதால் எனக்கு வேண்டாம், பேத்தி என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அதில் போடும் சேஜ் இலை கற்பூரவள்ளிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி மணக்கிறது. எனக்கு முட்டையும் காளானும்.

தூறல், குளிர். ஆகஸ்டில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குடையைக் காற்றோடு பங்கு போட்டபடி நடக்க, உள்ளூர்ப் பையன்கள் அரைக்கால் சட்டையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

பழைய ரெக்டரி என்னும் அந்த வீடு செங்கல் கட்டடம், வரிசையாக உயரமான ஜன்னல்கள். பார்த்தால் வசதியான குடும்பம் என்றுதான் தோன்றும். இதற்கு முன் இதே இடத்தில் இருந்தது மரமும் சாந்துமாகக் கட்டிக் கூரை வேய்ந்த வீடு. 1709 பிப்ரவரி 9 இரவு அது எரிந்தது. பாதிரியார் சாமுவேல் வெஸ்லி, நிறைமாதமாக இருந்த மனைவி சூசன்னா, பிள்ளைகள், வேலைக்காரர்கள் எல்லாரும் உடுத்திய துணியோடு வெளியே ஓடிவந்து எண்ணிப் பார்த்தால் ஐந்து வயது ஜான் இல்லை. படிக்கட்டு எரிகிறது. பையன் மாடி ஜன்னல் ஓரத்துப் பெட்டியின் மேல் ஏறி நிற்கிறான். ஏணி எடுத்துவர நேரமில்லை என்று ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறி அவனை இழுத்துப் போட்டார்கள். அடுத்த கணம் கூரை உள்பக்கமாக விழுந்தது. "எட்டுப் பிள்ளையும் கிடைத்துவிட்டது, வீடு போனால் போகட்டும்" என்ற பொருளில் சொல்லி, பாதிரியார் எல்லாரையும் அங்கேயே முழங்காலிடச் செய்தாராம். ஊர்க்காரர்களே தீ வைத்தார்கள் என்ற பேச்சும் உண்டு. அந்த ஜான்தான் பின்னால் மெதடிஸ்ட் என்னும் கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஒன்றேகால் வயதுகூட ஆகாதபோது அன்றிரவு தாதி தூக்கிக்கொண்டு வந்த தம்பி இருந்தாரே, அந்தச் சார்லஸ், ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதியவர்.

உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் இந்த இரண்டு மகன்களுக்காகத்தான் இங்கே வருகிறார்கள். நான் அம்மாவுக்காக வந்தேன் என்று சொன்னதும், சுற்றிக்காட்டிய பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அப்படியானால் சமையலறையில் ஆரம்பிப்போம்."

சூசன்னா தன் வீட்டில் இருபத்தைந்தாவது பிள்ளை. தானும் பத்தொன்பது பெற்றார். பத்துதான் பிழைத்தன: மூன்று பையன், ஏழு பெண். நமக்கும் பாட்டிமார் கதையில் இதெல்லாம் புதிதில்லை. என் அம்மாவைப் பெற்ற ஆத்தாவுக்குப் பன்னிரண்டு. ஆனால் அந்தப் பன்னிரண்டையும் எப்படி வளர்த்தோம் என்று ஆத்தா எழுதி வைக்கவில்லை. சூசன்னா எழுதினார். 1732-ல் மகன் ஜான் கேட்டுக்கொண்டதால் எழுதிய நீளமான கடிதம் அது. ஒரு வயதானதும் பிரம்புக்குப் பயப்படவும், அழுதால் மெதுவாக அழவும் பழக்கினேன் என்று அதில் இருக்கிறது. மெதுவாக அழ! நான் வகுப்பில் ஸ்கேல் எடுத்தவள்தான், இதைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரியானது. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இடையில் நொறுக்குத் தீனி கிடையாது. எட்டு மணிக்குப் படுக்கை. தப்பைத் தானே ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு அடி கிடையாது. இது மட்டும் எனக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

ஐந்து வயது முடிந்த மறுநாள் பாடம். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, மதியம் இரண்டிலிருந்து ஐந்து, இதே வீட்டில், அம்மாதான் டீச்சர். முதல் நாளே எழுத்து முழுவதும் வந்துவிட வேண்டும். மாலி, நான்சி இரண்டு பேருக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்ததாம். அதனால் அவர்கள் மந்தம் என்று வெகுநாள் நினைத்திருந்தாராம். இருபத்தாறு எழுத்துதானே அம்மா, எங்கள் இருநூற்று நாற்பத்தேழைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். எழுத்து வந்ததுமே ஆதியாகமம் முதல் அதிகாரம். கடைக்குட்டி கெசியாவுக்கு மட்டும் இவர் பேச்சு எடுபடாமல் ஐந்து வயதுக்கு முன்பே பாடம் தொடங்கினார்கள். மற்றவர்கள் மாதக் கணக்கில் படித்ததை அவள் வருடக் கணக்கில் படித்தாள் என்று எழுதுகிறார். இந்த ஒரு வரியைப் ப்ரீ-கேஜி வாசலில் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் வாசித்துக் காட்டலாம். பெண் பிள்ளை நன்றாக வாசிக்கும்வரை அவளை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்பதும் இவர் சட்டம். அது 1700-களின் தொடக்கம்.

பாதிரியார் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாராம். ஒரே விஷயத்தை ஒரே பிள்ளைக்கு இருபது தடவை சொல்கிறாயே, எங்கிருந்து பொறுமை என்றதற்கு, பத்தொன்பதோடு நிறுத்தியிருந்தால் அத்தனையும் வீணாகியிருக்குமே என்றாராம் சூசன்னா. அந்தப் பாதிரியாரோடு குடும்பம் நடத்த வேண்டிய பொறுமையைப் பற்றிப் பெரியவர் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். 1702 வாக்கில், மூன்றாம் வில்லியம் அரசருக்கான ஜெபத்துக்கு மனைவி 'ஆமென்' சொல்லவில்லை என்று பாதிரியார் கவனித்துவிட்டார். சூசன்னாவுக்கு வில்லியம் நியாயமான ராஜா இல்லை. ராஜா இரண்டென்றால் படுக்கையும் இரண்டு என்று கோபித்துக்கொண்டு மனுஷன் லண்டன் போய்விட்டார். மாதக்கணக்கில் வரவில்லை. வில்லியம் இறந்து ஆன் அரசியானபின் சமாதானம். அந்தச் சமாதானத்துக்குப் பின் 1703 ஜூனில் பிறந்தவர்தான் ஜான்.

பிறகு எங்கள் விஷயம். 1711-12 குளிர்காலம், பாதிரியார் மறுபடி லண்டனில், திருச்சபைப் பேரவையில். மூத்த மகள் எமிலி அப்பாவின் படிப்பறையில் தரங்கம்பாடிக் கடிதப் புத்தகத்தைக் கண்டெடுத்து வாசித்துக் காட்டுகிறாள். பல நாள் வேறு எதையும் நினைக்கவோ பேசவோ முடியவில்லை என்று சூசன்னா கணவருக்கு எழுதினார். நான் ஆணில்லை, பாதிரியுமில்லை. ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்று தோன்றியது, முதலில் என் பிள்ளைகளிடமிருந்து தொடங்கினேன் என்று. தினம் இரவு ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச்சு. பாடம் இல்லை, அந்தப் பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறதோ அது.

பெரியவர் அட்டவணையை மனப்பாடமாகச் சொன்னார். திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி (அதுதான் ஜான்), வெள்ளி பேட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும் சேர்ந்து. மார்த்தாவைச் செல்லமாகப் பேட்டி என்பார்களாம். பேத்தி காதில் அது 'பாட்டி' என்றே விழுந்திருக்கிறது. "வெள்ளிக்கிழமை பாட்டிக்கா?" என்று கேட்டுவிட்டு, "அப்ப கெசியாவுக்கு?" என்றாள். அவளுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

அதே சமையலறையில் ஞாயிறு மாலை பிள்ளைகளுக்கு வாசித்ததைக் கேட்க அக்கம்பக்கத்தார் வந்து, கடைசியில் இருநூறு பேர் வரை கூடினார்கள். பொறுப்பிலிருந்த உதவிப் பாதிரியார் லண்டனுக்குப் புகார் எழுதினார். நிறுத்தச் சொல்ல விரும்புகிறேன் என்று எழுதாதீர்கள், நிறுத்து என்று நேரடிக் கட்டளை போடுங்கள், கடவுள் முன் பொறுப்பு உங்களுடையது என்ற மாதிரி சூசன்னா பதில் எழுதினார். கட்டளை வரவில்லை. அந்தச் சமையலறை எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தைவிடச் சின்னது. கல் தரை. நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் பெரியவர் டீக்கடைப் பகுதியிலிருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, "தரங்கம்பாடி அம்மா வந்திருக்கிறார்" என்று அறிமுகம் செய்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. சீகன்பால்குவோடு கப்பலில் வந்தவள்போல் அவர்கள் என்னைப் பார்த்தார்கள். டீக்குக் காசு வாங்கவில்லை.

மாடியில் ஜெஃப்ரி அறை. 1716 டிசம்பரிலும் அடுத்த மாதமும் வீட்டில் தட்டும் சத்தம், காலடிச் சத்தம். எமிலி அதற்கு ஜெஃப்ரி கிழவன் என்று பெயர் வைத்தாள். பாதிரியார் ஜார்ஜ் அரசருக்கு ஜெபம் செய்யும்போதுதான் அதிகம் தட்டுமாம். அம்மா கட்சிப் பேய் என்றேன். பேத்தி அன்றிரவு என் போர்வைக்குள் படுத்தாள்.

22 ஆகஸ்ட், வியாழன்: கல்லறையும் ரூட் கிராமமும்

மேட்டின்மேல் புனித அந்திரேயா தேவாலயம். வெளியே சாமுவேல் வெஸ்லியின் கல்லறை: முப்பத்தொன்பது வருடம் எப்வொர்த் பாதிரியார், 1735 ஏப்ரல் 25-ல் இறந்தார், வயது 72. 1742 ஜூனில் ஜான் வந்தபோது தேவாலயத்துக்குள் பிரசங்கம் செய்ய விடவில்லை. அப்பாவின் கல்லறை மேலேயே ஏறி நின்று பேசினார். அப்பாவைத் தவிர வேறு யாரும் இடம் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ரூட் கிராமத்துக்கு டாக்சி. போக வர முப்பத்தெட்டு பவுண்டு. ஓட்டியவர் அங்கே பார்க்க ஒன்றுமில்லையே என்று மூன்று முறை சொன்னார். உண்மைதான், ஒன்றுமில்லை. வானமும் கறுப்பு மண்ணும். ஆனால் 1720-களில் பாதிரியாருக்கு இந்த ஊர்த் தேவாலயப் பொறுப்பும் கூடுதலாகக் கிடைத்து, குடும்பம் சில வருடம் இங்கே இருந்தது. வெள்ளக் காலத்தில் எப்வொர்த்துக்குப் படகு.

நான் வந்தது செவ்வாய்க்கிழமைப் பெண்ணுக்காக. ஹெட்டி. எட்டு வயதில் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாடு வாசித்தவள், எல்லாரிலும் நன்றாகக் கவிதை எழுதியவள். 1725-ல் ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போனாள், அவன் கைவிட்டான். திரும்பி வந்தவளை அப்பா அவசரமாக வில்லியம் ரைட் என்ற ஈயக் குழாய் வேலைக்காரருக்குக் கட்டிவைத்தார். அந்த ஆளுக்குப் படிப்புமில்லை, வீடு தங்கும் பழக்கமுமில்லை. அப்பா கடைசிவரை மன்னிக்கவே இல்லை. அக்காளுக்காக ஜான் 1726-ல் இங்கே ரூட்டில்தான், தவறு செய்தவர்மேலும் அன்பு காட்ட வேண்டும் என்று பிரசங்கம் செய்து அப்பாவின் கோபத்தைச் சம்பாதித்தார். அவளுடைய குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்தன. கணவர் வேலையின் ஈயத்தூள்தான் கொன்றது என்று அவள் நினைத்தாள். சாகும் குழந்தையைப் பார்த்து அவள் எழுதிய கவிதை இன்றும் இருக்கிறது.

மற்ற பெண்களும் அப்படித்தான். பேட்டியைக் கட்டியவன் இடையில் தங்கை கெசியாவுக்கும் வாக்குக் கொடுத்தவன். பின்னால் பேட்டியையும் விட்டுப் போனான். எமிலியின் சம்பாத்தியத்தைக் கணவன் தின்றான். மாலிக்கு மட்டும் நல்ல மனிதர் வாய்த்தார். ஒரே வருடத்தில் பிரசவத்தில், இந்த ரூட்டில், போய்விட்டாள். ஏழு பெண்களையும் முதலில் வாசிக்க வைத்தார் அந்த அம்மா. வாசித்த பெண் போய்ச் சேர ஓர் இடம் அந்த நாட்டில் இல்லை. பையன்களுக்கு ஆக்ஸ்போர்டு இருந்தது. நேற்று அந்தச் சமையலறையில் எனக்கு இருந்த சந்தோஷம் இன்று பாதிதான்.

மாலையில் மழை வலுத்தது, குடை கம்பி உடைந்தது. மீனும் சிப்ஸும் பத்தரை பவுண்டு, இரண்டு பேருக்கு ஒன்று போதும். கடைக்காரர் வினிகரைக் கேட்காமலே ஊற்றிவிட்டார். பேத்தி ஊறுகாய்ப் பாட்டிலை வெளியே எடுத்தாள். நான் அதைக் கொண்டுவந்ததை மறந்தே போயிருந்தேன்.

23 ஆகஸ்ட், வெள்ளி: லிங்கன், வீடு

வடக்கே லிலியன் என்று பெயர் வைத்த புயல். இங்கே அதன் வால்தான், அதுவே லிங்கன் செங்குத்துத் தெருவில் என்னைப் பின்னுக்குத் தள்ளியது. தெருப் பெயரே 'செங்குத்து மேடு'. பாதி வழியில் முழங்கால் நின்றுவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் வாசல் பெஞ்சில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார், வேறு எதுவும் கேட்கவில்லை.

கோட்டைக்குள் சிறை. இப்போது நிற்பது பிந்தைய கட்டடம். 1705-ல் சாமுவேல் வெஸ்லி இந்தக் கோட்டைச் சிறையில் மூன்று மாதம் இருந்தார், முப்பது பவுண்டுக்குள்ளான கடனுக்கு. தேர்தலில் எதிர்க்கட்சிக்குப் பேசியதால் கடன் கொடுத்தவர் ஒரே நாளில் கழுத்தைப் பிடித்தார். ஊரில் அவர் மாடுகளை வெட்டிக் காயப்படுத்தினார்கள். தேர்தல் இரவின் கூச்சலில் தூக்கம் கெட்ட தாதி, அசந்து தூங்கிப் புரண்டு கைக்குழந்தையை நசுக்கிவிட்டாள். சூசன்னா தன் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். பாதிரியார் திருப்பி அனுப்பிவிட்டார். ஆர்ச்பிஷப் சூசன்னாவிடம் நேரில் கேட்டாராம், சாப்பாட்டுக்கே இல்லாமல் இருந்திருக்கிறீர்களா என்று. ரொட்டி இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் உண்பதற்குமுன் அதைத் தேடுவதிலும், உண்டபின் அதற்குப் பணம் கட்டுவதிலும் பட்ட பாட்டில் ரொட்டியே கசந்துபோனது என்று பதில். சம்பளம் பத்தாத வீட்டில் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் சமைத்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ரயிலில் பேத்தி தூங்கிவிட்டாள். ஆக்ஸ்போர்டில் வளர்ந்த ஆளாக இருந்தபோது ஜான் அம்மாவுக்கு எழுதியதை நினைத்துக்கொண்டு வந்தேன்: எனக்கென்று ஒதுக்குவாயே அந்த வியாழக்கிழமைச் சாயங்காலம், அதில் கொஞ்சம் இப்போதும் கொடு என்று.

வீட்டுக்கு வந்ததும் நனைந்த செருப்புக்கு மகளிடம் திட்டு. லிங்கன்ஷர் பிளம் பிரெட் பையில் நசுங்கியிருந்தது, நாலரை பவுண்டு. வெண்ணெய் தடவி மாப்பிள்ளை பாதியைத் தீர்த்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளிடம் கிழமைக் கணக்கைச் சொன்னேன். ஸ்கூலில் வருடம் நாற்பது பிள்ளையைப் பார்த்தேன், பெற்ற ஒன்றுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கவில்லையே என்று வாய்வரை வந்தது.

"எனக்குந்தான் கிழமை இருந்துச்சே" என்றாள், திரும்பாமலே. "வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்ச்சு விடுவ. கண்ணுல சீயக்காய் எரியும், நீ பதினேழாம் வாய்ப்பாடு கேப்ப."

"சொன்னியா?"

"பதினேழு எட்டுல எப்பவும் நிப்பேன்."

"நூத்தி முப்பத்தாறு" என்று கூடத்திலிருந்து பேத்தி குரல் கொடுத்தாள்.